பழைய கேபிள் மோடத்தை மாத்தினா ஸ்பீடு கூடுமா? (தக்கலை பக்கம்)

வேளிமலை_அடிவாரம்:

வீடு தக்கலைக்கும் பத்மநாபபுரத்துக்கும் நடுவுல. டிவி வர்ற அதே வயர்லதான் நெட்டும் வருது. பிளான் 100 எம்பிபிஎஸ். காலைல எட்டு மணிக்கு முன்னாடி 30 வரைக்கும் கிடைக்கும். ராத்திரி எட்டரைக்கு மேல 6, 7 தான். அப்லோடு 1-க்கும் கீழ. வைஃபைல பார்த்த கணக்கு இல்ல, லேப்டாப்ல லேன் வயரை நேரா மோடத்துல குத்திப் பார்த்தது.

மோடத்து அடியில டாக்சிஸ் 2.0-ன்னு (கேபிள் நெட்டோட தரவிதி) ஒட்டியிருக்கு. பிரவுசர்ல 192.168.100.1-ன்னு அடிச்சா வர்ற மோடத்தோட பக்கத்துல இருக்கிற விவரம் இது:

டவுன்ஸ்ட்ரீம் (நமக்கு வர்றது): 602 மெகாஹெர்ட்ஸ், 256 குவாம் (சிக்னல்ல தகவலை ஏத்துற முறை), சிம்பல் ரேட் 6.952, பவர் -11.4 டிபிஎம்வி, எஸ்என்ஆர் (இரைச்சலை விட சிக்னல் எவ்வளவு மேல நிக்குதுன்னு) 32.1 டெசிபல்.
அப்ஸ்ட்ரீம் (நம்மகிட்ட இருந்து போறது): 30 மெகாஹெர்ட்ஸ், 16 குவாம், பவர் 53.0 டிபிஎம்வி.
லாக்ல டி3 டைம்அவுட் வரிசையா கிடக்கு, நடுநடுவுல டி4.

"மோடம் பழசு, 2,800 ரூபா குடுங்க, புதுசு வச்சுத் தர்றோம், எல்லாம் சரியாகும்"னு கேபிள்காரர் சொல்றார். அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் ஊருக்கு வரப்போறார், அவர்கிட்ட ஒரு ஆரிஸ் மோடம் வாங்கிட்டு வரச் சொல்லலாமான்னும் ஒரு யோசனை. எது நல்லது? மோடம் மாத்தினா நெசமாவே 100 வருமா?

எஃப்_கனெக்டர்:

நம்பரெல்லாம் போட்டுக் கேட்டதுக்கே நன்றி. முக்காவாசிப் பேரு "நெட்டு ஸ்லோ"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருவாங்க.

உங்க லைன்ல ரெண்டு சீக்கு தனித்தனியா இருக்கு. ஒண்ணு மோடத்தோட வயசு. இன்னொண்ணு வீட்டுக்கு வர்ற வயர்ல இருக்கிற கோளாறு. கேபிள்காரர் முதலாவதை மட்டும் சொல்றார். ரெண்டாவதைச் சரி பண்ணாம புது மோடம் வச்சீங்கன்னா இப்ப இருக்கிறதை விட மோசமாகக்கூட வாய்ப்பு உண்டு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல மோடம். டாக்சிஸ் 2.0 மோடம் ஒரே ஒரு டவுன்ஸ்ட்ரீம் சேனலைத்தான் பிடிக்கும். உங்க சிம்பல் ரேட் 6.952-ன்னு இருக்கிறதால அது 8 மெகாஹெர்ட்ஸ் அகல சேனல். அதுல 256 குவாம்ல மொத்தம் 55.6 எம்பிபிஎஸ், கையில கிடைக்கிறது சுமார் 50. அதாவது பிளான் 100 ஆனாலும் 200 ஆனாலும் இந்தப் பெட்டி வழியா 50-க்கு மேல வரவே வராது. அந்த 50-ம் உங்களுக்கு மட்டும் இல்ல, அதே நோடுல (ஏரியாவுக்குப் பொதுவான கேபிள் பெட்டி) அதே சேனல்ல இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான். ராத்திரி 6, 7-க்கு விழுறதுல பெரும்பங்கு இதுதான்.

2006-ல வந்த டாக்சிஸ் 3.0-ல சேனல்களைக் கட்டி ஒண்ணாக்கலாம். 8 டவுன்ஸ்ட்ரீம் 4 அப்ஸ்ட்ரீம் உள்ள மோடம், 8 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல சுமார் 400 எம்பிபிஎஸ் வரைக்கும் தாங்கும். அதையும் பங்கு போடத்தான் செய்யணும். ஆனா ஒரு சேனல் நெருக்கடியில இருந்தா பாக்கி ஏழுல போயிரும்.

இனி வயர். உங்க 8 மெகாஹெர்ட்ஸ் வகையில 256 குவாமுக்கு டவுன்ஸ்ட்ரீம் பவர் -13-ல இருந்து +17 வரைக்கும் ஏத்துக்கணும்னுதான் விதி. அதுல ஒரு உள்கணக்கு இருக்கு. பவர் -6-க்கு மேல இருந்தா எஸ்என்ஆர் 31.5 போதும். -6-க்கும் -13-க்கும் நடுவுல இருந்தா 34.5 வேணும். உங்களுக்கு -11.4-ல 32.1. அதாவது விதிப்படியே ரெண்டு டெசிபலுக்கு மேல குறைச்சல். திருத்த முடியாத கோட்வேர்டு (கெட்டுப்போய் வந்த தகவல் துண்டு) எண்ணிக்கை அந்தப் பக்கத்துலேயே எங்கயாவது இருக்கும், மோடத்தை ஒருதடவை அணைச்சுப் போட்டு ஒரு மணிநேரம் கழிச்சுப் பாருங்க. அது ஏறிக்கிட்டே இருந்தா, காலைல கூட்டமே இல்லாத நேரத்துல 50-க்குப் பதிலா 30 வர்றதுக்குக் காரணம் அங்கதான்.

அப்ஸ்ட்ரீம் 53 இன்னும் மோசம். மோடம் தொண்டை கிழியக் கத்துது, அந்தப் பக்கம் பாதிதான் கேக்குது. டி3-ன்னா கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரலை. டி4-ன்னா தொடர்பே அறுந்துபோய் முதல்ல இருந்து தொடங்குது. அப்லோடு தடுமாறுனா டவுன்லோடும் தடுமாறும், ஏன்னா "கிடைச்சுது"ன்னு திருப்பிச் சொல்ற சின்னச் சின்னப் பாக்கெட் எல்லாம் அந்த வழியாத்தான் போகணும்.

புது மோடம் ஏன் மோசமாகலாம்னா, 3.0 மோடம் மூணு நாலு அப்ஸ்ட்ரீம் சேனலை ஒண்ணா அனுப்புறப்ப 64 குவாம்ல ஒரு சேனலுக்கு 51 டிபிஎம்வி-தான் உச்சம். உங்க லைன் 53 கேக்குது. அப்ப சேனலை ஒவ்வொண்ணா உதறும், இல்ல ஆன்லைன் ஆகி ஆகி விழும். அதனால லைனை முதல்ல, மோடத்தை அப்புறம்.

வீட்டுக்குள்ள எத்தனை ஸ்ப்ளிட்டர், எத்தனை டிவி, போஸ்ட்டுல இருந்து எவ்வளவு தூரம், வயர் ஆர்ஜி6-ஆ ஆர்ஜி59-ஆ, இதைச் சொல்லுங்க.

வேளிமலை_அடிவாரம்:

விளக்கத்துக்கு நன்றிண்ணே. ரோட்டுல இருக்கிற டாப்-ல (வீட்டுக்கு லைன் பிரியுற பெட்டி) இருந்து வீட்டுக்கு 60 மீட்டர் இருக்கும், ஒரு தென்னையில கட்டி அங்க இருந்து மாடிக்கு இழுத்திருக்கு. வயர் மேல ஆர்ஜி59-ன்னு அச்சு. மாடியில நாலு வழி ஸ்ப்ளிட்டர் ஒண்ணு. ரெண்டு டிவி, ஒரு மோடம், ஒரு வழி சும்மா கிடக்கு. ஒரு டிவிக்குப் போற வயர்ல சின்ன பூஸ்டர் ஒண்ணும் இருக்கு. கனெக்டர் எல்லாம் கையால முறுக்கி மாட்டுற வகை.

எஃப்_கனெக்டர்:

நெனச்சது சரிதான். கணக்கைப் பாருங்க.

நாலு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு வழிக்கும் 7 டெசிபல் தின்னும். ரெண்டு வழி 3.5. மாடியில முதல்ல ஒரு ரெண்டு வழி வையுங்க. அதுல ஒரு கால் நேரா மோடத்துக்கு, நடுவுல வேற எதுவும் கூடாது. இன்னொரு காலுக்கு அப்புறம் இன்னொரு ரெண்டு வழி, அதுல ரெண்டு டிவி. டிவிக்கு இப்ப கிடைக்கிற 7 அப்படியே இருக்கும், மோடத்துக்கு 3.5 மிச்சம். போறப்பவும் வர்றப்பவும் ஸ்ப்ளிட்டர் ஒரே அளவுதான் தின்னும், அதனால டவுன்ஸ்ட்ரீம் -8 பக்கம் வரும், அப்ஸ்ட்ரீம் 49.5-க்கு இறங்கும். நூறு ரூபா வேலையில கிடைக்கிறது இது.

மூணு வழி ஸ்ப்ளிட்டர் கடையில குடுத்தா வாங்காதீங்கன்னு சொல்லமாட்டேன், ஆனா அதுல ஒரு வழி 3.5, பாக்கி ரெண்டும் 7-ன்னு இருக்கும். 3.5-ன்னு அச்சடிச்ச வழியில மோடத்தை மாட்டத் தெரிஞ்சா அதுவே போதும். மூணும் சமமா இருக்கிற வகையும் உண்டு, அது இங்க உதவாது. எதுவானாலும் மேல 5–1000 மெகாஹெர்ட்ஸ்னு இருக்கணும். 40-ல தொடங்குறது, 47-ல தொடங்குறது டிவிக்கு மட்டும் செஞ்சது. உங்க அப்ஸ்ட்ரீம் 30-ல ஓடுது, அதுக்குள்ள நுழையாது.

பூஸ்டர் டிவி காலுல மட்டும் இருந்தா பரவாயில்லை. மோடம் போற வழியில எக்காரணம் கொண்டும் வராமப் பாத்துக்கோங்க. சாதா பூஸ்டர் ஒரு வழிப்பாதை. மேல இருந்து வர்றதைப் பெருக்கும், கீழ இருந்து போறதை அடைச்சிரும். மோடத்துல லைட்டு மின்னிக்கிட்டே இருக்கும், ஆன்லைன் ஆகாது. அந்த டிவி பூஸ்டரே கூட அப்ஸ்ட்ரீம்ல இரைச்சலைத் தள்ளலாம். அதோட அடாப்டரைக் கழட்டிட்டு டி3 குறையுதான்னு பாருங்க. செட்டாப் பாக்ஸ் டிஜிட்டல்தானே, பூஸ்டர் இல்லாமலே படம் வந்திரும், பெரும்பாலும்.

அடுத்து 60 மீட்டர் ஆர்ஜி59. 550 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல 100 மீட்டருக்கு ஆர்ஜி59 சுமார் 19.5 டெசிபல் இழக்கும், ஆர்ஜி6 சுமார் 16, ஆர்ஜி11 சுமார் 10. உங்க 60 மீட்டருக்கு ஆர்ஜி6 மாத்தினா ரெண்டு டெசிபல் லாபம், ஆர்ஜி11 போட்டா ஆறு. ஆனா இந்த லாபம் டவுன்ஸ்ட்ரீமுக்குத்தான். கீழ இருக்கிற 30 மெகாஹெர்ட்ஸ்ல வயர் நீளம் பெரிசா தின்னாது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: டவுன்ஸ்ட்ரீம் மட்டும் குறைஞ்சு அப்ஸ்ட்ரீம் 42, 43-ன்னு நல்லா இருந்தா வயர் நீளத்தைச் சந்தேகப்படணும். ரெண்டும் சேர்ந்து கெட்டிருந்தா ஸ்ப்ளிட்டரையும் கனெக்டரையும். உங்களுது ரெண்டாவது வகை. அதனால கைமுறுக்கு கனெக்டரைத்தான் முதல்ல தூக்கி எறியணும்.

குளச்சல்_காத்து:

கனெக்டர் பத்தி நான் சொல்றேன். கடலோரத்துல இருக்கிறவங்களும் கேட்டுக்கோங்க, குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இதாக்கும் முதல் எதிரி. உப்புக்காத்துல மலிவு கனெக்டர் ஒரு மழைக்காலம் தாண்டாது. வெள்ளையா மாவு மாதிரி பூத்துப்போகும். வயரோட நடு இழை இரும்பு மேல செம்பு பூசினது, பூச்சு போச்சுன்னா உள்ள துரு. துருப்பிடிச்ச இடத்துல சிக்னல் குறையும், ரேடியோ இரைச்சலும் உள்ள ஏறும். அப்ஸ்ட்ரீமைக் கெடுக்கிற இரைச்சல்ல பெரும்பகுதி இப்படி வீட்டுக்குள்ள இருந்து ஏறுறதுதான். ஒரு வீட்டுப் பழுது அந்த நோடுல இருக்கிற எல்லாரையும் பிடிக்கும்.

வாங்க வேண்டியது கம்ப்ரஷன் வகை எஃப் கனெக்டர், பித்தளையில நிக்கல் பூசினது, ஆர்ஜி6 அளவுக்கு. ஆர்ஜி59-க்கு ஆர்ஜி6 கனெக்டர் போட்டா லூஸா நிக்கும், இழுத்தா கையோட வரும். வயரை மாத்துறதா இருந்தா ரெண்டையும் ஒண்ணா மாத்துங்க.

மாட்டுற விதம்: நடு இழை 6 மில்லிமீட்டர் வெளிய தெரியணும், அதுக்குப் பின்னால 6 மில்லிமீட்டர் வெளித்தோலை உரிச்சு வலையைப் பின்பக்கமா மடக்கணும். ஒரு இழை கூட நடு இழையைத் தொடக்கூடாது, தொட்டா ஷார்ட்டு, ஒண்ணுமே வராது. கனெக்டரை நேரா அழுத்தினா உள்ள இருக்கிற வெள்ளை நுரை கனெக்டரோட உள்தளத்துக்குச் சமமா வந்து நிக்கணும். அதுக்குப் பின்னால நின்னா சரியா ஏறலைன்னு அர்த்தம். நடு இழை கனெக்டர் வாயைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டினாப் போதும். அதிகமா விட்டா ஸ்ப்ளிட்டர் உள்ள இருக்கிற கவ்வை வளைச்சிரும். அப்புறம் கம்ப்ரஷன் டூலால ஒரு அமுக்கு. பிளையரால நசுக்குறது வேலைக்காகாது, கேட்டியளா.

கையால இறுக்கினதுக்கு அப்புறம் 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால கால் சுத்து. மோடத்துப் பக்கம் ஸ்பேனரை ரொம்ப அழுத்தாதீங்க, போர்டு விரிஞ்சிரும்.

வெளிய இருக்கிற ஒவ்வொரு மூட்டுலயும் தானாவே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பைக் கீழ இருந்து மேல நோக்கிச் சுத்துங்க, ஓடு வேயுற மாதிரி அடுக்கு மேல அடுக்கு. கறுப்பு கரண்ட் டேப் வெயில்ல பிசின் உருகிப் பிரிஞ்சிரும். வயர் சுவருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு சாண் கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க. இல்லன்னா ஆனி ஆடி மழைத்தண்ணி வயர் வழியா வழிஞ்சு நேரா ஸ்ப்ளிட்டர்ல போய் இறங்கும். ஐப்பசில மறுபடியும். நம்ம மாவட்டத்துக்கு மழை வருஷத்துல ரெண்டு வாட்டி இல்லியா.

தென்னையில கட்டினதை அவிழ்த்திருங்க. மரம் ஆடுறப்பல்லாம் கனெக்டர் இழுபடும், அணில் வேற கடிக்கும். ஒரு இரும்பு பைப்பு நட்டு அதுல கட்டுங்க.

சும்மா கிடக்கிற ஸ்ப்ளிட்டர் வாயில 75 ஓம் டெர்மினேட்டர் திருகுங்க. திறந்து கிடந்தா சிக்னல் திரும்பி அடிக்கும், இரைச்சலும் ஏறும்.

மார்த்தாண்டம்_பாலம்:

அமெரிக்க மோடம் வேண்டாம். இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்லை.

அங்க சேனல் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ், அப்ஸ்ட்ரீம் 5-ல இருந்து 42 வரை. உங்க லைன் ஐரோப்பிய வகை, 8 மெகாஹெர்ட்ஸ், அப்ஸ்ட்ரீம் 65 வரை போகலாம். சில பெட்டியில ரெண்டும் ஓடும், ஆனா கடையில விக்கிற அமெரிக்க மாடல்ல உள்ள இருக்கிற ஃபில்டரும் ஃபர்ம்வேரும் அங்கத்த அளவுக்குத்தான். ஃபர்ம்வேரை நீங்களா மாத்தவும் முடியாது, கேபிள் வழியா கம்பெனிதான் தள்ளணும். பாதுகாப்புச் சான்றிதழும் வேற வேற. ஐரோப்பிய வகைக்குத் தனி மூலச்சான்று. சிக்னலைப் பிடிச்சாலும் பதிவாகாம நிக்கலாம். கூடவே அடாப்டர்ல 100–240 வோல்ட்டுன்னு இல்லாம 120 மட்டும் இருந்தா செருகின நொடியில புகை.

இதெல்லாம் தாண்டினாலும் உங்க ஆபரேட்டர் அதோட மேக் அட்ரஸை (மோடத்தோட அடையாள எண்) அவங்க சிஸ்டத்துல ஏத்தணும். அவங்க வச்சிருக்கிற மாடல் பட்டியல்ல இல்லாததை ஏத்தமாட்டாங்க. அதனால 2,800-ஓ என்னவோ, உள்ளூர்ல அவங்க தர்றதையே வாங்குங்க. பணம் குடுக்குறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க:

நம்ம நோடுல எத்தனை டவுன்ஸ்ட்ரீம் சேனல் பாண்டிங் ஆகுது, அதாவது ஒண்ணாக் கட்டியிருக்கு? இதுதான் தலையாய கேள்வி. ஒண்ணோ ரெண்டோன்னு சொன்னா, 32 சேனல் மோடம் வச்சாலும் ரெண்டுதான் பிடிக்கும். அப்ப மோடத்துக்குக் காசு போடுறது வீண். நாலு இருந்தா 100 பிளானுக்கு சமாளிக்கும், எட்டு இருந்தா நல்லது.

அப்ஸ்ட்ரீம் எத்தனை, 64 குவாமா 16 குவாமா? 16 குவாம்ல 3.2 மெகாஹெர்ட்ஸ் சேனல் மொத்தமே 10 எம்பிபிஎஸ்தான், அதையும் எல்லாரும் பங்கு போடணும். 64 குவாம்ல 6.4 மெகாஹெர்ட்ஸ்னா 30. இரைச்சல் அதிகமான நோடுல வேணும்னே 16-ல வச்சிருப்பாங்க.

அந்த 2,800 மோடத்து விலையா, திருப்பித் தர்ற டெபாசிட்டா? ரசீதுல எழுதி வாங்கிருங்க.

மாடல்ல பாக்க வேண்டியது: குறைஞ்சது 8-க்கு 4, லேன் போர்ட்டு கிகாபிட். 100 மெகாபிட் போர்ட்டுன்னா எவ்வளவு வந்தாலும் 94, 95-க்கு மேல காட்டாது. உள்ள இன்டெல் பூமா 6 சிப் இருக்கிறதைத் தவிருங்க. ஆரிஸ் எஸ்பி6190, நெட்கியர் சிஎம்700 இதுலல்லாம் அதுதான். ஸ்பீடு டெஸ்ட்ல குறை தெரியாது, ஆனா பிங் திடீர் திடீர்னு நூறு மில்லிசெகண்ட் தாண்டித் துள்ளும். வீடியோ காலும் கேமும் அதுலதான் உடையும். பிராட்காம் சிப் இருக்கிறதாப் பாருங்க. டாக்சிஸ் 3.1 இப்ப உங்களுக்கு வேண்டாம், ஆபரேட்டர் பக்கம் 3.1 இல்லன்னா அது 3.0 மாதிரித்தான் ஓடும்.

மோடத்துக்குள்ளயே வைஃபை இருந்தா பிரிட்ஜ் மோடுல (ரவுட்டர் வேலையை நிறுத்தி வெறும் மோடமா) போடச் சொல்லிட்டு உங்க ரவுட்டரை வையுங்க. ரெண்டும் ரவுட்டராவே நின்னா ரெண்டு தடவை முகவரி மாத்தம் நடக்கும், சிசிடிவியை வெளிய இருந்து பார்க்கிறதுல சிக்கல் வரும்.

இரணியல்_சந்தை:

எதுக்கு இவ்வளவு பாடு? ஃபைபர் எடுத்துட்டுப் போங்க. துருவும் இல்ல, பூஸ்டரும் இல்ல. தக்கலை பக்கம் ஃபைபர் இல்லாமலா?

மார்த்தாண்டம்_பாலம்:

இருந்தா எடுக்கலாம், மறுக்கலை. ஜிபான் (வீடுகளுக்கு ஃபைபர் பிரிச்சுத் தர்ற முறை) லைன் ஒண்ணுல கீழ வர்றது 2.488 கிகாபிட், மேல போறது 1.244. அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டாலும் ஒத்தைச் சேனல் கேபிளோட அதை ஒப்பிடவே முடியாது. வேளிமலை அண்ணன் வீட்டு வாசல்ல ஃபைபர் போகுதுன்னா மோடத்துக்குக் காசு போடாதீங்க, அதை எடுங்க.

ஆனா ஃபைபர்னாலே கவலை இல்லைன்னு நெனச்சுராதீங்க. ஓஎன்டி (வீட்டுல வைக்கிற ஃபைபர் பெட்டி) காட்டுற பக்கத்துல ஆப்டிக்கல் பவர் பாருங்க. -27 டிபிஎம்-ஐத் தாண்டிக் கீழ போனா விழுந்திரும், -24-க்குள்ள இருந்தா நிம்மதி. ஆணியடிச்சு மடக்கின இடத்துலயும், சுவர் மூலையில செங்குத்தா ஒடிச்ச இடத்துலயும்தான் போகும். ஓஎன்டில நாலு லேன் வாய் இருந்தா சிலதுல ஒண்ணு மட்டும் கிகாபிட், பாக்கி 100. தப்பான வாயில செருகிட்டு "200 பிளான்ல 94 தான் வருது"ன்னு புலம்புறவங்க இந்தப் பக்கத்துலயே நிறைய உண்டு. எடுக்கிறதுக்கு முன்னாடி அண்டை வீட்டுல விசாரிக்க வேண்டியது ஸ்பீடு இல்ல. மரம் விழுந்து ஃபைபர் அறுந்தா ஒட்டுறதுக்கு எத்தனை நாள் ஆகுது, ஸ்ப்ளைசிங் மெஷின் இங்கயே இருக்கா, வெளியூர்ல இருந்து ஆள் வரணுமா, அதைக் கேளுங்க.

இரணியல்_சந்தை:

அது நியாயந்தான். குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர்க் கிளை விழுந்து அடிக்கடி அறுபடுது.

வேளிமலை_அடிவாரம்:

எங்க சந்துக்குள்ள ஃபைபர் இன்னும் வரலை, மெயின் ரோட்டோட நிக்குது. அதனால சொன்னபடி லைனைச் சரி பண்ணியாச்சு. ஆர்ஜி6 புது வயர், கம்ப்ரஷன் கனெக்டர், ரெண்டு வழி ஸ்ப்ளிட்டர், பூஸ்டர் கழட்டியாச்சு. டிவி படம் நல்லாவே வருது. இப்ப நம்பர்:

டவுன்ஸ்ட்ரீம் -5.2, எஸ்என்ஆர் 36.4. அப்ஸ்ட்ரீம் 47.8. டி3 ஒண்ணும் புதுசா இல்ல.

காலைல 45 வருது. ராத்திரி 9, 10. ஆபரேட்டர்கிட்ட விசாரிச்சதுல எட்டு டவுன்ஸ்ட்ரீம், ரெண்டு அப்ஸ்ட்ரீம் பாண்டிங் இருக்குன்னு சொல்றார். 2,800 மோடத்து விலைதான், டெபாசிட் இல்லையாம். இப்ப வாங்கலாமா?

எஃப்_கனெக்டர்:

வாங்குங்க. இப்பத்தான் அந்தக் காசுக்கு வேலை இருக்கு. காலைல 45 வருதுன்னா வயர் வேலை முடிஞ்சுது, உங்க மோடம் தன்னோட உச்சத்துல ஓடுது. ராத்திரி மட்டும் 9-ன்னா அது அந்த ஒத்தைச் சேனல் நெருக்கடி, வயரால இல்ல. எட்டு சேனல்ல பரவினா இது பெருமளவு சரியாகும். எஸ்என்ஆரும் கணக்குப்படி பாத்தா 31.5 போதும்ங்கிற எல்லைக்குள்ள வந்தாச்சு.

அவர் மோடம் மாட்டிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி, அவர் முன்னாலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க. டவுன்ஸ்ட்ரீம் பட்டியல்ல எட்டு வரியும் "லாக்டு"ன்னு இருக்கணும். எட்டுக்கும் பவர் ஒண்ணுக்கொண்ணு 3 டெசிபலுக்குள்ள இருந்தா நல்லது. மேல போகப் போக, அதாவது 602-ல இருந்து 650 பக்கம் போகப் போகப் பவர் சரிஞ்சுக்கிட்டே போனா ஏதோ ஒரு மூட்டு இன்னும் சரியில்லை, இல்ல ரோட்டு ஆம்ப்ளிஃபையர்ல சரிவு திருத்தலை. அதை அவர்தான் பாக்கணும். அப்ஸ்ட்ரீம்ல ரெண்டு வரி, 40-க்கும் 49-க்கும் நடுவுல. ஒரே வரிதான் காட்டுதுன்னா பாண்டிங் ஏறலை, மேக் அட்ரஸை எந்த பிளான்ல பதிஞ்சாங்கன்னு கேளுங்க. பழைய 2.0 கான்ஃபிக் ஃபைலே (ஆபரேட்டர் மோடத்துக்கு அனுப்புற அமைப்புக் கோப்பு) புது மோடத்துக்கும் போயிருக்கலாம். இது அடிக்கடி நடக்கிறது. மோடம் புதுசு, பிளான் 100, வேகம் மட்டும் பழைய அளவுல நிக்கும். அவங்க ஆபீஸ்ல கான்ஃபிக்கை மாத்திட்டு மோடத்தை ஒருதடவை அணைச்சுப் போட்டாச் சரியாயிரும்.

லாக்ல முதல் சில வரி 1970 ஜனவரி 1-ன்னு தேதி காட்டினா பயப்படாதீங்க. நேரம் சரி பார்க்கிறதுக்கு முன்னாடி எல்லா மோடமும் அப்படித்தான் எழுதும்.

வேளிமலை_அடிவாரம்:

சரிண்ணே, பாத்துக்கறேன். இன்னொரு சந்தேகம். மாடியில மோடம், கீழ ஹால்ல வைஃபை பலவீனமா இருக்கு. சுவர் பழைய கருங்கல் சுவர். புது மோடத்துல வைஃபை நல்லா இருந்தா சரியாகுமா?

மார்த்தாண்டம்_பாலம்:

ஆகாது. கருங்கல் சுவரையும் தளத்தையும் தாண்டி எந்த வைஃபையும் ஒழுங்கா போகாது, 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமாப் போகாது. மாடியில இருந்து கீழ ஒரு கேட்6 வயரை இழுத்து, கீழ ஒரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுல வையுங்க. வயர்ல எட்டு இழையும் கிரிம்ப் ஆகியிருக்கணும். நாலு இழை மட்டும் ஏறினா லைட்டு எரியும், நெட்டும் வரும், ஆனா 100-ல நின்னுரும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 இதுல எது காலியா இருக்கோ அதை வச்சு, அகலம் 20-ல விடுங்க. 5-க்கு வேற பேர் வையுங்க, டிவியும் லேப்டாப்பும் அதுலதான் ஏறுதான்னு தெரியும்.

குளச்சல்_காத்து:

இதோட இடிக்கும் ஒரு வழி பண்ணிருங்க. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் மோடம் சாகுறது பெரும்பாலும் கரண்ட் வழியா இல்ல, கேபிள் வயர் வழியா. இடி வயர் வழியா வந்து மோடத்து லேன் வாயைக் கருக்கி, அதோட ரவுட்டரையும் கூட்டிட்டுப் போயிரும். மாடியில வயர் நுழையுற இடத்துல கிரவுண்ட் பிளாக் ஒண்ணு மாட்டி, அதுல இருந்து வீட்டு எர்த்துக் கம்பிக்கு செம்புக் கம்பி இழுங்க. வளைச்சு வளைச்சு இழுக்காம முடிஞ்ச வரைக்கும் நேரா, குட்டையா. தனியா வேற குழி தோண்டி எர்த்து போடாதீங்க, ரெண்டு எர்த்துக்கு நடுவுல வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்தா அதுவும் மோடம் வழியாத்தான் போகும்.

இதெல்லாம் பக்கத்துல எங்கயோ விழுற இடிக்குத்தான். நேரா விழுந்தா எதுவும் தாங்காது. அதனால மேகம் கறுத்துச்சுன்னா அடாப்டரை மட்டும் உருவினாப் பத்தாது, திருகின கேபிளையும் கழட்டிப் போடுங்க. அதுக்காகவே மோடத்துப் பக்கம் தள்ளி மாட்டுற அடாப்டர் ஒண்ணு வைக்கலாம், ஸ்பேனர் தேட வேண்டாம். அதுல கால் டெசிபல் அரை டெசிபல் போகும், உங்க -5.2-க்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா மலிவா, லூஸா இருக்கிறதை வாங்கினா மறுபடியும் டி3-ல வந்து நிக்கும்.

கரண்ட் போனப்ப வீட்டுல இன்வெர்ட்டர் ஓடியும் நெட்டு அறுந்தா, ரோட்டு நோடுக்குப் பேட்டரி இல்லன்னு அர்த்தம். அதுக்கு எந்த மோடமும் மருந்தில்லை, ஆபரேட்டரைத்தான் பிடிக்கணும்.